குறும்பா, நோவா? நாயும் பூனையும் அடிக்கும் ஆராய்ச்சி மணி



வழக்கமாக மொழியைப் பற்றியும் வகுப்பறையைப் பற்றியும் எழுதும் நான், இம்முறை நாய்களையும் பூனைகளையும் பற்றி எழுதுகின்றேன். தடம் மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டா. இச்சிந்தனையும் வகுப்பறையில் பிறந்ததுதான்.

'என் செல்லப் பிராணி' என்பது தொடக்கப்பள்ளியில் ஆண்டுதோறும் தவறாமல் வரும் கட்டுரைத் தலைப்பு. மாணவர்கள் பெயர், நிறம், வால், உணவு என்று வரிசையாக எழுதிக்கொண்டே வருவார்கள். சில கட்டுரைகளின் இறுதியில் மட்டும், 'இப்பொழுது அது எங்கள் வீட்டில் இல்லை' என்றொரு வாக்கியம் இருக்கும். காரணம் கேட்டால் பெரும்பாலும் மூன்றே விடைகள்தாம் கிடைக்கின்றன. 'தங்கையைக் கடித்துவிட்டது, ஐயா', 'மெத்தையில் சிறுநீர் கழித்துக்கொண்டே இருந்தது, ஐயா', 'இரவெல்லாம் குரைத்தது, பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்துவிட்டார்கள், ஐயா'. அதற்குப் பிறகு அப்பா அதை வண்டியில் ஏற்றிச் சென்று சந்தைக்குப் பின்புறமோ உணவகத்துக்குப் பக்கத்திலோ விட்டுவிட்டு வந்திருப்பார்.

கடித்தல், கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தல், ஓயாது குரைத்தல் ஆகிய மூன்றையும் நாம் 'கெட்ட பழக்கம்' என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகின்றோம். ஆனால் பல வேளைகளில் இவை நோயின், வலியின் அல்லது அச்சத்தின் அறிகுறிகள். ஆகவே என் கருத்து இதுதான்: கால்நடை மருத்துவர் ஒருமுறையேனும் பார்க்காமல், எந்த நாயையும் பூனையையும் நடத்தையின் பெயரால் அடிக்கவோ, சங்கிலியில் கட்டிப்போடவோ, தெருவில் விடவோ நமக்கு உரிமையில்லை.

இஃது ஆசிரியர்களுக்குப் புதிய கருத்தன்று. கரும்பலகையில் உள்ளதை எழுதாமல் இருக்கும் மாணவனைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன், அவனுக்குக் கண் தெரிகின்றதா என்று பார்க்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பாத மாணவியை அடங்காதவள் என்பதற்கு முன், அவளுக்குக் காது கேட்கின்றதா என்று பார்க்க வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட அடிப்படைப் பாடங்களுள் இதுவும் ஒன்று. பிள்ளைக்காவது வாய் இருக்கின்றது. நாய்க்கும் பூனைக்கும் அதுவும் இல்லை.

மனுநீதிச் சோழன் கதை தெரியாத தமிழ்ப்பள்ளி மாணவர் இல்லை. கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. அந்த மன்னன் 'மாடு கயிற்றை இழுத்துத் தொல்லை செய்கின்றது, விரட்டுங்கள்' என்று சொல்லவில்லை, 'என்ன குறை?' என்று விசாரித்தான். நம் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் தொங்கவிடப்பட்ட மணி எதுவும் கிடையாது. அவற்றின் நடத்தை மாற்றமே மணியோசை.

மெத்தையில் சிறுநீர் கழிக்கும் பூனை

பூனை இயல்பிலேயே தூய்மையான பிராணி. மணலைத் தோண்டிக் கழித்து மூடிவிடும் பழக்கம் அதனோடு பிறந்தது. அப்படிப்பட்ட பூனை திடீரென்று மெத்தையிலும் துணிக்கூடையிலும் சிறுநீர் கழிக்கின்றது என்றால், ஏதோ நேர்ந்திருக்கின்றது என்று பொருள். சிறுநீர்ப்பை அழற்சி இருக்கலாம். கழிக்கும்போது வலிப்பதால், வலிக்கு மணல் தட்டுதான் காரணம் என்று அது நம்பிவிடுகின்றது. மென்மையான வேறிடத்தைத் தேடுகின்றது. வயதான பூனையாயின் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கலாம். அத்தகைய பூனை நீரை மிகுதியாகக் குடிக்கும், மிகுதியாகக் கழிக்கும், மெலிந்துகொண்டே வரும்.

இவற்றுள் ஒன்றை மட்டும் எல்லாரும் மனனம் செய்துகொள்ள வேண்டும். ஆண் பூனை அடிக்கடி மணல் தட்டுக்குச் சென்று குந்துகின்றது, கத்துகின்றது, ஒரு சொட்டும் வரவில்லை அல்லது இரத்தம் கலந்து வருகின்றது என்றால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கக்கூடாது. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகியது. அஃது அடைபட்டால் நச்சுப் பொருள்கள் இரத்தத்தில் தேங்கி, இரண்டு மூன்று நாள்களுக்குள் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று எண்ணி விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தால் பொழுது வீணாகும், பூனையும் போய்விடும்.

கருத்தடை செய்யப்படாத ஆண் பூனை சுவரில் பீய்ச்சுவது வேறு. அஃது எல்லை குறிக்கும் செயல். அறுவைச் சிகிச்சைக்குப் பின் பெரும்பாலும் அது குறைந்துவிடும். மணல் தட்டு அழுக்காக இருப்பதும், இரண்டு மூன்று பூனைகளுக்கு ஒரே தட்டை வைப்பதும், வீடு மாறியதும்கூட காரணங்கள் ஆகலாம். எந்தக் காரணமாயினும், மூக்கைச் சிறுநீரில் தேய்த்து அடிப்பதால் பூனைக்கு விளங்குவது ஒன்றே ஒன்று: இந்த மனிதரைக் கண்டால் ஓட வேண்டும்.

தொட்டால் கடிக்கும் நாய்

'நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது. இன்று தலையைத் தடவியதும் கடித்துவிட்டது' என்பது அடிக்கடி கேட்கும் முறையீடு. தலையைத் தடவியபோது காதைத் தொட்டிருப்போம். நம் நாட்டின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும், மடிந்து தொங்கும் காதுடைய நாய்களுக்குக் காதில் பூஞ்சையும் சீழும் எளிதில் வந்துவிடும. தலையை உதறுதல், காதைச் சொறிதல், துர்நாற்றம் ஆகியவை அதன் அடையாளங்கள். பல்வலி, இடுப்பு மூட்டு வலி, முதுகு வலி ஆகியவையும் சாதுவான நாயைக் கடிக்க வைக்கும்.

'சோம்பேறி நாய், எந்நேரமும் படுத்தே கிடக்கின்றது' என்பது மற்றொன்று. குளிர்காலம் இல்லாத நம் நாட்டில் உண்ணிகளுக்கு ஆண்டு முழுதும் கொண்டாட்டம். உண்ணி கடிப்பதால் பரவும் உண்ணிக் காய்ச்சல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மிகச் சாதாரணமான நோய். நாய் உண்ண மறுக்கும், சோர்ந்து கிடக்கும், ஈறு வெளிறும், சில வேளைகளில் மூக்கிலிருந்து குருதி வழியும். தொடக்கத்திலேயே கண்டால் மருந்தால் தீரும், விட்டுவிட்டால் கொல்லும். நாயின் மேலுதட்டை உயர்த்தி ஈறு இளஞ்சிவப்பாக இருக்கின்றதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஓயாமல் குரைக்கும் நாயை எடுத்துக்கொள்வோம். பங்சார் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. தோட்டத்து வாழ்க்கையில் நாய் கட்டப்படாமல் லயத்தைச் சுற்றி வந்தது. பால்மரம் சீவப் போகிறவர்களின் பின்னால் நடந்தது. இன்று அதே இடத்தில் வரிசை வீடுகளும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. இங்கே நாயின் உலகம் இரும்புக் கதவுக்குப் பின்னால் ஆறடிச் சங்கிலியாகச் சுருங்கிவிட்டது. காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால், இரவு வரை அதற்குப் பேச்சுத்துணை இல்லை, நடை இல்லை, சுடும் சிமெண்டுத் தரையில் சில வேளைகளில் நிழலும் இல்லை. நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். தப்பையான மூக்குடைய நாய்களால் அதுவும் சரிவர முடியாது. அடர்ந்த முடியுடைய சைபீரிய நாய்களை அழகுக்காக வாங்கி வெயிலில் கட்டுபவர்களை என்னவென்று சொல்வது? நாளுக்கு இருமுறை நடக்க வைத்துப் பாருங்கள். குரைப்பில் பாதி தானே அடங்கும்.

உறுமலுக்குத் தண்டனை கொடுக்காதீர்

நாய் உறுமினால் உடனே அடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கின்றது. இஃது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பெற்றோர் உணர வேண்டும். உறுமல் என்பது எச்சரிக்கை. 'எனக்குப் பிடிக்கவில்லை, விலகிப் போ' என்று சொல்ல நாயிடம் உள்ள கண்ணியமான வழி அதுதான். உறுமும்போதெல்லாம் அடி வாங்கிய நாய், உறுமுவதை விட்டுவிடும், அச்சத்தை விடாது. பிறகு ஒருநாள் எச்சரிக்கை இல்லாமல் நேரே கடிக்கும். ஆராய்ச்சி மணியின் நாக்கை அறுத்துவிட்டு, நாட்டில் குறையே இல்லை என்று மகிழ்வதற்கு ஒப்பானது இது.

உறுமலுக்கு முன்பும் அடையாளங்கள் உண்டு. முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், உணவு இல்லாதபோதும் உதட்டை நக்குதல், களைப்பு இல்லாதபோதும் கொட்டாவி விடுதல், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்தல், உடல் விறைத்தல், வாலைக் கால்களுக்கு இடையில் செருகுதல் ஆகியவை அவை. வால் ஆடினாலே மகிழ்ச்சி என்று பொருளன்று. விறைத்து உயர்ந்த வால் ஆடுவது சினத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். சிறு பிள்ளைகள் இவற்றை அறியாமல் நாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்து முகத்தோடு முகம் வைக்கின்றார்கள். பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டியோடு இருக்கும் நாயையும் தொடக்கூடாது என்பதை ஓர் அறிவியல் பாடவேளையிலேயே கற்பித்துவிடலாம்.

வெறிநாய்க்கடி நோயையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2017 ஜூலையில் சரவாக்கில் இந்நோய் பரவியது அறிவிக்கப்பட்டது. முதலில் மாண்டவர்கள் சிறுவர்கள். அதன் பிறகு அங்கு மாண்டோர் எண்ணிக்கை ஐம்பதைக் கடந்துவிட்டது. நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்றுவது அரிதினும் அரிது. ஆனால் கடிபட்டவுடன் ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்றால் உயிர் காக்கலாம். சாதுவான நாய் திடீரென்று மூர்க்கமாவதும், மூர்க்கமான நாய் திடீரென்று சாதுவாவதும், எச்சில் வழிவதும், நடை தடுமாறுவதும் இதன் அறிகுறிகள். வீட்டில் சொல்லாமல் கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. திட்டு விழும் என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தை முதலில் போக்குங்கள்.

கைவைத்தியம் என்னும் கொலை

நம்மவர்கள் அன்பு இல்லாதவர்கள் அல்லர். ஆனால் அறியாத அன்பு கொல்லும். பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பனடோல் மாத்திரையில் பாதியைக் கொடுப்பவர்கள் இருக்கின்றார்கள். அதிலுள்ள பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்குப் போதிய அளவு இல்லை. இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழக்கின்றது, ஈறு பழுப்பாகின்றது, முகம் வீங்குகின்றது. ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உரிய உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பொருள் உண்டு. அதைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு வந்து இறக்கும்.

சொறி பிடித்த நாய்க்குப் பழைய எஞ்சின் எண்ணெய் பூசுவது இன்னொரு கொடுமை. நாய் அதை நக்கும், நஞ்சு வயிற்றுக்குள் போகும், தோலும் வெந்துபோகும். சொறிக்குக் காரணம் தோலுக்குள் வாழும் நுண்ணிய உண்ணிகள். அவற்றைக் கொல்ல மருத்துவரிடம் இன்று எளிய மருந்துகள் உள்ளன; மாத்திரையாகவும் கிடைக்கின்றன.

உணவிலும் கவனம் வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை இரண்டின் சிவப்பணுக்களையும் சிதைக்கும். ஆகவே மிஞ்சிய குழம்பை ஊற்றிப் பிசைந்து வைக்காதீர்கள். சாக்லெட் நாய்க்கு நஞ்சு. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சையும் அப்படியே. வேகவைத்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, கழிச்சல்தான் மிச்சம். பூனை முழுமையான ஊனுண்ணி. இறைச்சியில் உள்ள டாரின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் பார்வையும் இதயமும் கெடும். சோறும் சிறிது நெத்திலியும் மட்டுமே கொடுத்துவந்தால் அதன் தேவை நிறைவடையாது.

தீவில் விடப்பட்ட நாய்கள்

'வேண்டாத நாயை வேறென்ன செய்வது?' என்று கேட்பவர்களுக்கு 2009ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகின்றேன். கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் செல்லக்கூடிய பூலாவ் கெத்தாமில் தெருநாய்கள் பெருகிவிட்டன என்று, முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, மனிதர் வாழாத இரண்டு சதுப்புநிலத் தீவுகளில் விட்டார்கள். குடிக்க நன்னீர் இல்லை, உண்ண ஒன்றுமில்லை. பசி தாளாமல் நாய்கள் ஒன்றையொன்று தின்றன. செய்தி வெளிவந்ததும் விலங்கு நல ஆர்வலர்கள் படகேறிச் சென்று இயன்றவற்றை மீட்டார்கள். அந்நிகழ்ச்சியைக் கண்டு நாடே பதறியது. ஆனால் சந்தைக்குப் பின்புறம் விடப்படும் ஒவ்வொரு பூனையும் ஒவ்வொரு நாயும் அப்படிப்பட்ட ஒரு தீவில்தான் விடப்படுகின்றது. எண்ணிக்கைதான் வேறு.

சட்டமும் இப்போது பழைய நிலையில் இல்லை. 1953ஆம் ஆண்டின் விலங்குச் சட்டப்படி வதைக்கு நீண்ட காலமாக இருநூறு ரிங்கிட்தான் தண்டம். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017இல் நடைமுறைக்கு வந்தபின், தண்டம் 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை. மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. எனினும் சட்டத்துக்கு அஞ்சி வளர்ப்பதைவிட, அறிந்து வளர்ப்பதே மேல்.

பெருக்கத்தைத் தடுக்கும் வழி கருத்தடைதான். பூனை ஐந்து மாதத்திலேயே சினையாகலாம். நாய்க்கும் பூனைக்கும் சினைக்காலம் ஏறக்குறைய ஒன்பது வாரங்களே. சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு இதைப் பல ஆண்டுகள் வலியுறுத்தியது. 1996இல் சென்னை மாநகராட்சி தெருநாய்களைக் கொல்வதைக் கைவிட்டுக் கருத்தடை முறைக்கு மாறியது. 2001இல் இந்திய நடுவண் அரசு அதற்கென விதிகளையே வகுத்தது. அங்கும் சிக்கல் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றமே ஆணையிட்டுப் பின் அதைத் திருத்த வேண்டியிருந்தது. ஒன்று மட்டும் தெளிவு: வீட்டுக்காரர் தெருவில் விடுவதை நிறுத்தாத வரையில் எந்த அரசின் திட்டமும் பயன் தராது.

செலவும் அண்டை வீடும்

'பங்சாரில் பணக்காரர்கள் இருக்கின்றார்கள். அவர்களுக்கு இது சரி. எங்களைப் போன்றவர்கள் மருத்துவருக்கு எங்கே போவது?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தெலாவி சாலைப் பக்கம் உலவும் நாய்க்கும் பந்தாய் டாலாம் அடுக்குமாடியின் கீழே திரியும் பூனைக்கும் கிடைக்கும் கவனிப்பு ஒன்றன்று. எனினும் செலவு மிகுவது பெரும்பாலும் தாமதத்தால்தான். தடுப்பூசி, உண்ணி மருந்து, கருத்தடை ஆகிய மூன்றையும் காலத்தில் செய்தால் பெருஞ்செலவுகள் பல வாரா. கால்நடைச் சேவைத் துறை இருக்கின்றது. அம்பாங்கில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இருக்கின்றது. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கின்றது. கேட்டுப் பார்க்கலாம். அந்த அளவுக்கும் இயலாது என்றால், பிள்ளை அழுகின்றான் என்பதற்காக நாய்க்குட்டி வாங்காமல் இருப்பதே அறம். வளர்க்காமல் இருப்பது பாவமன்று. வளர்த்துக் கைவிடுவதே பாவம்.

அண்டை வீட்டாரையும் எண்ண வேண்டும். நாம் பல இனத்தாரோடு வாழ்கின்றோம். இசுலாமிய அன்பர்களுக்கு நாயின் எச்சில் பட்டால் தூய்மை செய்யும் முறைமை உண்டு. நாயைக் கயிறின்றி வெளியே விடாமலும், கழிவை அள்ளாமல் விடாமலும் இருப்பது நாய் வளர்ப்போரின் கடமை. மாநகர் மன்றத்தின் உரிமம் எடுப்பதும் அப்படியே. அண்டை வீட்டாரின் வெறுப்புக்கு ஆளாகும் நாய்தான் முதலில் தெருவுக்குப் போகின்றது.

தீபாவளிக்கு முன் ஒரு விண்ணப்பம்

நாயின் செவி நம் செவியைவிடப் பன்மடங்கு கூர்மையானது. நாம் ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்போம். நாய் 45,000 வரை கேட்கும். பட்டாசு வெடிக்கும் இரவில் அது நடுங்குவதும், கட்டிலுக்கு அடியில் ஒளிவதும், வேலியைத் தாண்டி ஓடுவதும் கோழைத்தனமன்று. மாலையிலேயே நடக்க வைத்து, உணவளித்து, உள்ளறையில் சன்னலை மூடி, தொலைக்காட்சி ஒலியோடு விடுங்கள். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண்ணைக் கட்டுங்கள். நடுங்கும்போது திட்டாதீர்கள், அருகில் அமருங்கள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'என் செல்லப் பிராணி' என்ற தலைப்பைக் கொடுக்கும்போது, நிறமும் வாலும் போதும் என்று விட்டுவிடாதீர்கள். 'உன் பிராணிக்கு உடல்நலமில்லை என்பதை எப்படி அறிவாய்?' என்ற ஒரு வினாவையும் சேர்த்துக் கொடுங்கள். விடை தெரியாத மாணவன் வீட்டுக்குச் சென்று தன் நாயையும் பூனையையும் உற்றுப் பார்ப்பான். அப்பா அதை வண்டியில் ஏற்றும்போது, 'முதலில் மருத்துவரிடம் காட்டுவோம், அப்பா' என்று சொல்லவும் கூடும்.